நிலக்ஷி அக்காவின் ‘முடியாது’ வகுப்பு

நிலக்ஷி அக்காவுக்கு ஆங்கிலம் படிப்பித்த வாத்தியாருக்கு நான்கு வயது. பெயர் கிஷாந்த். கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு மாடிவீட்டுப் பிள்ளை. பல் விளக்கக் கூப்பிட்டால் “ஐ கான்ட்” என்பான். முடியாதாம். சோறு ஊட்டப் போனால் “ஐ கான்ட்”. தூங்கச் சொன்னால் அதற்கும் அதே. அம்மா, அப்பா, நர்சரி வேன் டிரைவர் எல்லோரும் அந்த ஒரு சொல்லுக்குப் பயந்து ஒதுங்கிப் போவார்களாம். அவனைப் பார்த்துக்கொள்ளத்தான் அக்கா பதினெட்டு வயதில் அக்கரப்பத்தனையில் பஸ் ஏறினாள்.

அந்த வீட்டில் எல்லோருக்கும் தமிழ் தெரியும். ஆனாலும் வேலைக்கு வந்த பிள்ளையோடு ஆங்கிலத்தில்தான் பேசுவார்கள். அக்காவிடம் அப்போது இருந்தது இரண்டே சொல். மீன் வெட்டத் தெரியுமா? யெஸ் மேடம். இஸ்திரி போடத் தெரியுமா? யெஸ் மேடம். இருபது பேருக்குப் பிறந்தநாள் சமையல்? யெஸ் மேடம். தீபாவளிக்கு ஊருக்குப் போகாமல் நிற்க முடியுமா என்று கேட்டபோது கேள்வி நன்றாகவே விளங்கியதாம். வாய்தான் வேறு எதையும் பழகியிருக்கவில்லை. அப்படி இரண்டு தீபாவளி போயிற்று.

மூன்றாவது தீபாவளிக்கு முந்தின வாரம் கிஷாந்தைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, அவன் சொல்லும் அதே ராகத்தில், “மேடம், ஐ கான்ட் ஸ்டே. ஐ கோ ஹோம்” என்றாளாம். மேடம் முகத்தைப் பார்க்கப் பயந்து கிஷாந்தின் முகத்தைப் பார்த்தாளாம். அவன் கை தட்டினானாம். இதைச் சொல்லும்போது அக்கா சிரிப்பாள். பிறகு மூக்கை உறிஞ்சுவாள். குளிர் என்பாள்.

ஊருக்கு வந்தபின் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் புள்ளக்காம்பராவில் வேலை கிடைத்தது. அம்மாமார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. அங்கே இருக்கும்போதுதான் ஹட்டனில் ஒரு அமைப்பு, தோட்டத்துப் பெண்களுக்குப் பேச்சு ஆங்கிலம் படிப்பிக்க ஆள் தேடுவதாகத் தெரிந்தது. சாதாரண தரப் பரீட்சையில் ஆங்கிலம் சித்தியடைந்திருக்க வேண்டும் என்று விண்ணப்பத்தில் போட்டிருந்தார்கள். அக்கா அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, கீழே “பேசுவேன்” என்று மட்டும் எழுதி அனுப்பினாள். மூன்று மாதம் பார்க்கலாம் என்று பதில் வந்தது. மூன்று மாத முடிவில் ஒருவர் வந்து வகுப்பைப் பார்ப்பார். பிடித்தால் நிரந்தர ஆசிரியை, பயிற்சி எல்லாம். பிடிக்காவிட்டால் வகுப்பு அடுத்த தோட்டத்துக்குப் போய்விடும்.

வகுப்புக்கு வந்தது பன்னிரண்டு பேர். பதினொரு பேர் கொழுந்து பறிப்பவர்கள். பன்னிரண்டாவது நான். எனக்கு ஆங்கிலத்தில் கிடைத்த பெறுபேற்றை இங்கே எழுதப் போவதில்லை. குழந்தைகளின் குட்டி நாற்காலிகளில் பெரிய மனுஷிகள் உட்கார்ந்தால் முழங்கால் தாடையைத் தொடும். காளியாயி மாமி முதல் நாள் உட்கார்ந்த நாற்காலி அவர் எழும்பும்போது அவரோடேயே எழும்பி வந்தது. அதை இழுத்துக் கழற்ற இரண்டு பேர் வேண்டியிருந்தது. அதற்கு முன்னால் அந்த நாற்காலியின் இரண்டு கைப்பிடியையும் கொஞ்சம் உள்பக்கமாக நெருக்கி வைத்தது யார் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அமைப்பு கொடுத்த புத்தகத்தின் முதல் பாடம் ‘ஐ கேன்’. என்னால் பாட முடியும், என்னால் ஓட முடியும் என்று படத்தோடு இருந்தது. அக்கா அதைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள்.

“முடியும்னு சொல்ல நமக்கு யாரும் சொல்லித்தர வேணாம். பெரட்டுல நின்ன எல்லாருக்கும் அது நல்லா வரும். கடைசிப் பக்கத்தைத் திருப்புங்க.”

பெரட்டு என்பது காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடம். அங்கே வேலையை மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு ஐயா எந்த மலையைக் காட்டினாலும் “சரிங்க” என்றுதான் பதில். செங்குத்து மலையா, சரிங்க. அட்டைக்காடா, சரிங்க. காய்ச்சலா இருக்கே, அதுவும் சரிங்க. அப்படிப்பட்ட வாய்களுக்கு அக்கா கடைசிப் பாடத்தை முதலில் வைத்தாள். ஐ கான்ட்.

“ஏன் புள்ள, நல்ல சொல்லா பார்த்து சொல்லித்தரக் கூடாதா?” என்றார் காளியாயி மாமி. “வெளக்கு வைக்கிற நேரத்துல முடியாது, முடியாதுன்னுக்கிட்டு.”

“மாமி, போன கிழமை தோட்டம் பாக்க வந்த வெள்ளைக்காரவங்க உங்கள படம் எடுத்தாங்களே, எவ்வளவு நேரம்?”

“அது ஆச்சு, ஒரு மணி நேரம். இப்படித் திரும்பு, அப்படித் திரும்புன்னாங்க.”

“அன்னைக்கு எவ்வளவு கிலோ கொழுந்து கொறைஞ்சிச்சு?”

மாமி எழுதுகிற கொப்பியை எடுத்தார்.

சொல்லை எல்லோரும் ஒரே நாளில் பிடித்துக்கொண்டார்கள். சொல்லும் விதம்தான் வரவில்லை. பதினொரு பேரும் “ஐ கான்ட்” என்று மெதுவாகச் சொல்லி, அழகாகச் சிரித்து, தலையையும் பக்கவாட்டில் ஆட்டுவார்கள். அந்தத் தலையாட்டலைப் பார்த்தால் யாராயிருந்தாலும் அப்படியே மூட்டையைத் தூக்கி இவர்கள் தோளில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். சிரிக்காதீங்க என்றாள் அக்கா. சிரிக்காமல் ‘முடியாது’ என்று சொல்வது மரியாதை இல்லையே என்றார் நாகலெட்சுமி அக்கா. அவர் பேச்சு எப்போதும் அப்படித்தான். மிதித்தால் மிதித்த காலுக்கு வலிக்குமோ என்று கேட்கிற ஆள்.

அடுத்த வகுப்புக்கு அக்கா ஒரு கொழுந்துக் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உள்ளே மூன்று செங்கல். கயிற்றை நாகலெட்சுமி அக்காவின் தலையில் மாட்டி, கூடையை அவர் முதுகில் தொங்கவிட்டாள்.

“இப்ப தலைய ஆட்டுங்க பார்ப்போம்.”

ஆட்ட முடியவில்லை. பாரம் ஏறினால் கழுத்து தானாக நேராகிறது. மலையில் தினமும் நிற்கிற நிலைதான். அந்த நிலையில் நின்று சொன்னபோது ‘ஐ கான்ட்’ வயிற்றிலிருந்து வந்தது. தொட்டிலில் தூங்கிய குழந்தை ஒன்று எழும்பி அழுதது. எங்களுக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஒவ்வொருவரும் கூடையை மாட்டிக்கொண்டு கத்தினோம். ஐ கான்ட் ட்ரைவ்! ஐ கான்ட் ஸ்விம்! காளியாயி மாமி தன் பங்குக்கு, “ஐ கான்ட் குக் ஃபார் மை மருமகள்!” என்றார். அக்கா அதைத் திருத்தவே இல்லை.

மூன்றாவது மாதம் வெள்ளவத்தை மேடம் போன் எடுத்தார். இரண்டாவது பிள்ளை பிறந்திருக்கிறதாம். நிலக்ஷிதான் வேண்டுமாம். அக்காவின் அப்பா செல்லசாமி மாமா தொழிற்சாலையில் வழுக்கி விழுந்து வேலைக்குப் போகாமல் இருந்த நேரம் அது. அக்கா, திங்கட்கிழமை பதில் சொல்கிறேன் என்றாள். வகுப்பைப் பார்க்க அமைப்பிலிருந்து ஆள் வருவது அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. வகுப்பு பிடித்துப்போனால் அக்கா இங்கே இருப்பாள். இல்லாவிட்டால் திங்கட்கிழமை மறுபடியும் யெஸ் மேடம்.

“உங்கள கஷ்டப்படுத்த மாட்டேன்,” என்று எங்களிடம் சொன்னாள். “அவங்க கேக்குறதுக்கு உள்ளத சொல்லுங்க. அது போதும்.”

உள்ளதைச் சொல்வதா? சனிக்கிழமை கொழுந்து நிறுக்கிற இடத்தில் காளியாயி மாமி எல்லோரையும் ஓரமாகக் கூப்பிட்டார்.

“இங்க பாருங்கடி. வர்றது பெரிய எடத்து ஆளு. அவங்க முன்னால போய் எனக்கு அது முடியாது, இது முடியாதுன்னு நின்னோம்னா என்ன நெனைப்பாங்க? மூணு மாசமா இந்தப் புள்ள ஒண்ணும் சொல்லிக்குடுக்கலைன்னுதானே? புள்ளைக்கு கெட்ட பேரு வந்துரும்.”

“அப்ப என்ன செய்றது?” என்றார் நாகலெட்சுமி அக்கா.

“எது கேட்டாலும் முடியும். அவ்வளவுதான்.”

வகுப்பே ‘முடியாது’ சொல்வதற்குத்தான் என்று அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நல்ல கூத்தாக இருக்கும் என்று நினைத்தேன். அக்காவின் திங்கட்கிழமை அப்போது என் மண்டையில் இல்லை. அதற்காக ஞாயிற்றுக்கிழமை முழுவதும் என் காதை நானே திருகிக்கொண்டேன்.

வந்தவர் கனகாம்பிகை ரீச்சர். யாழ்ப்பாணத்துக்காரர். முப்பது வருடம் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். மூன்று மணிக்கு வேனில் வந்து இறங்கினார். குட்டி நாற்காலியில் ஒன்றில் தானும் உட்கார்ந்தார். அதிலேயே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

“பயப்பிடாதேங்கோ. நான் கேள்வி கேப்பன். ஏலும் எண்டால் ஏலும், ஏலாது எண்டால் ஏலாது. சரியோ?”

யாழ்ப்பாணப் பேச்சில் ஏலும் என்றால் முடியும். பதினொரு பேரும் பட்டுச்சேலையில் இருந்தார்கள். தலையை ஆட்டினார்கள்.

ரீச்சர் காளியாயி மாமியிடம் மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியுமா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“யெஸ் மேடம்! ஐ கேன்!”

ரீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடுத்தவரிடம் பிரெஞ்சு பேச முடியுமா என்று கேட்டார். யெஸ் மேடம். அடுத்தவரிடம் கடலில் நீந்த? யெஸ் மேடம். நிலக்ஷி அக்கா சுவரோடு சாய்ந்தாள். வேண்டாம், வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினாள். அக்கா பதறுகிறாள், இன்னும் பலமாகச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது என்று எங்கள் ஆட்கள் நினைத்துக்கொண்டார்கள். சத்தம் ஏறியது.

“கேன் யூ ஃப்ளை?” என்றார் ரீச்சர். பறப்பாயா என்று.

“யெஸ் மேடம்! ஐ கேன் ஃப்ளை!” என்று நாகலெட்சுமி அக்கா இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். அந்தச் சாந்தமான மனுஷி.

கடைசியாக ரீச்சர் என் பக்கம் திரும்பினார். இந்தக் கட்டடத்தைத் தூக்க முடியுமா என்பது எனக்கு வந்த கேள்வி. இங்கேயாவது நான் சரியாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் பதினொரு பேரும் என்னைப் பார்க்கிறார்கள். ஒருத்தி மட்டும் முடியாது என்றால் மற்றவர்கள் எல்லோரும் பொய்க்காரர்கள் ஆகிவிடுவார்கள்.

“யெஸ் மேடம்,” என்றேன். “ஒன் ஹேண்ட்.”

ரீச்சர் தாளில் நீளமாக ஏதோ எழுதினார். “என்ன நிலக்ஷி, உம்மட வகுப்பிலை எல்லாராலையும் எல்லாம் ஏலுமோ? இந்தப் பாடத்தைப் படிப்பிச்சனான் எண்டுதானே அறிக்கையிலை எழுதியிருக்கிறீர்?”

“படிப்பிச்சேன் மேடம்,” என்றாள் அக்கா.

“சரி. ஐந்து மணி மட்டும் ஒரு எழுத்துப் பரீட்சை வைப்பம். கேன் யூ ஆல் ஸ்டே டில் ஃபைவ்?”

ஐந்து மணிவரை இருக்க முடியுமா? “யெஸ் மேடம்!” பன்னிரண்டு பேரும் ஒரே குரலில்.

அந்த நேரத்தில் மேலே தண்ணீர்த் தொட்டிப் பக்கமிருந்து விசில் கேட்டது.

அது மாசி மாதம். மழை பெய்து நாற்பது நாள். தொட்டிக்குப் பொறுப்பான அழகன் மாமா நாலு மணிக்கு விசில் ஊதி வால்வைத் திறப்பார். நாலரைக்கு மூடுவார். அந்த அரை மணி நேரத்தில் பீலி என்னும் பொதுக் குழாயில் பிடிப்பதுதான் அடுத்த நாள் சாயந்தரம்வரை சமைக்க, குடிக்க, கழுவ. விட்டால் விட்டதுதான்.

வெளியே பிள்ளைகள் ஓடினார்கள். “தண்ணி வந்திருச்சு! தண்ணி வந்திருச்சு!” வாளிகள் உருளும் சத்தம். உள்ளே ரீச்சர் தாள்களைப் பங்கிட்டுக்கொண்டிருந்தார். ஒருவரும் எழும்பவில்லை. எல்லோருடைய கழுத்தும் ஜன்னல் பக்கம் திரும்பி, மறுபடி தாளுக்கு வந்து, மறுபடி ஜன்னலுக்குப் போயிற்று. பட்டுச்சேலைகள் நாற்காலியில் நெளிந்தன. காளியாயி மாமி பேனையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு எழுதினார்.

நாகலெட்சுமி அக்காவின் மகள் பிரசவத்துக்கு வந்து, குழந்தை பிறந்து ஒன்பது நாள். வீட்டில் துணி கழுவச் சொட்டுத் தண்ணீர் இல்லை என்று காலையிலேயே சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய கை மேசை விளிம்பைப் பிடித்தது. விட்டது. பிடித்தது. பிறகு எழுந்து நின்றார். சிரிக்கவில்லை. தலை ஆடவில்லை.

“நோ மேடம்.”

ரீச்சர் நிமிர்ந்தார்.

“ஐ கான்ட். ஐ கான்ட் சிட். வாட்டர் கமிங். பேபி இன் மை ஹவுஸ். நைன் டேஸ். நோ வாட்டர். ஐ கான்ட், மேடம்.”

அடுத்த நொடி அணை உடைந்தது. “மீ ஆல்சோ மேடம், ஐ கான்ட் ஸ்டே!” “ஐ கான்ட் ரைட், மேடம், கண்ணு தெரியல!” “ஐ கான்ட் சிட் ஸ்மால் சேர்!” காளியாயி மாமி எழுந்தார், நாற்காலியும் எழுந்தது. “மேடம், ஐ கான்ட் மோட்டர்பைக்! சைக்கிள் ஆல்சோ கான்ட்!”

“பொறுங்கோ, பொறுங்கோ. அப்ப இவ்வளவு நேரமும் சொன்னது?”

“பொய்ங்க மேடம்,” என்றார் மாமி, நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டே. “முடியாதுன்னு சொன்னா எங்க டீச்சரு ஒண்ணும் சொல்லிக்குடுக்கலைன்னு எழுதிருவீங்கன்னு பயம். ஒங்க கால்ல வேணாலும் விழுறேன், இப்ப விடுங்க. தண்ணி நின்னுரும்.”

ரீச்சர் நிலக்ஷி அக்காவைப் பார்த்தார். அக்கா முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு நின்றாள்.

“ஓடுங்கோ!” என்றார் ரீச்சர்.

பட்டுச்சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு பதினொரு பெண்கள் எங்கள் வரிசை வீடுகளான லயத்துப் படிக்கட்டில் ஓடியதை அன்று எங்கள் தோட்டம் பார்த்தது. கல்யாண வீட்டில் யாரோ பொண்ணைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டான் என்று நினைத்து நாய்களும் ஓடின. பின்னால் பரீட்சைத் தாள் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு கனகாம்பிகை ரீச்சர். அவர் ஏன் வருகிறார் என்று யாருக்கும் விளங்கவில்லை. பீலியடிக்கு வந்து மூச்சு வாங்கி, வரிசைப் பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்து, கோப்பைத் திறந்தார்.

“பரீட்சை முடியேல்லை,” என்றார். “காளியாயி, கேன் யூ ஸ்பீக் ஃப்ரெஞ்ச்?”

தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே மாமி கத்தினார். “நோ மேடம், ஐ கான்ட்! தமிழே பல்லு போனதுல இருந்து ஒழுங்கா வரல!”

“நாகலெட்சுமி! கேன் யூ ஃப்ளை?”

“நோ, ஐ கான்ட்!” வாளி நிரம்பிய மகிழ்ச்சியில் அவர் பாட்டுப் போலச் சொன்னார்.

வாளி நகர நகரக் கேள்வியும் நகர்ந்தது. வரிசையில் நின்ற, வகுப்புக்கே வராத பொம்பிளைகளும் பதில் சொன்னார்கள். பக்கத்தில் நின்ற பொடியன்களும் கத்தினார்கள். வால்வுக்குப் பக்கத்தில் நின்ற அழகன் மாமாவிடம், “கேன் யூ கிவ் டென் மினிட்ஸ் மோர்?” என்று ரீச்சர் கேட்டார். இன்னும் பத்து நிமிடம் விட முடியுமா என்று எங்களில் ஒருத்தி தமிழில் சொன்னாள். அழகன் மாமா தொப்பியைக் கழற்றினார். “ஐ கான்ட் மேடம். தொட்டியில இல்ல.” ஒரு வகுப்புக்கும் வராத மனுஷன். ரீச்சர் அதையும் எழுதிக்கொண்டார்.

நாலரைக்குத் தண்ணீர் நின்றது. ரீச்சர் கடைசித் தாளில் கையெழுத்துப் போட்டு, கிழித்து, நிலக்ஷி அக்காவின் கையில் வைத்தார்.

“மே மாதம் ஹட்டனிலை பயிற்சி. சனிக்கிழமையளிலை மட்டும். வகுப்பை விட வேண்டியதில்லை. முப்பது வருசமா நான் படிப்பிச்ச பிள்ளையள் எனக்குப் பயத்திலை ஏலும் எண்டு சொல்லிச் சொல்லியே பெயில் விட்டதுகள். இண்டைக்குத்தான் ஒருத்தி எழும்பி என்னட்டை ஏலாது எண்டவள். அதைச் சொல்லிக் குடுத்தது நீர்.”

அக்கா தாளை மறுபடி மறுபடி படித்துப் பார்த்தாள்.

வேன் போனபிறகுதான் ஒன்று கவனித்தோம். எல்லோருடைய வாளியும் நிறைந்திருந்தது. அக்கா வீட்டு வாளி காய்ந்து கிடந்தது. ரீச்சரோடு நின்றதில் வரிசையில் சேரவே இல்லை. அடுத்த நாள் சாயந்தரம்வரை சமையல், செல்லசாமி மாமாவின் காலுக்கு ஒத்தடம் எல்லாம் அந்த வாளியை நம்பித்தான்.

“பரவாயில்ல, பக்கத்து லயத்துல ஒரு கொடம் கேட்டுக்கிறேன்,” என்றாள்.

“போடி,” என்றார் காளியாயி மாமி. தன் வாளியிலிருந்து ஒரு செம்பு எடுத்து அக்காவின் வாளியில் ஊற்றினார். நாகலெட்சுமி அக்கா, ஒன்பது நாள் குழந்தை வீட்டில் இருக்க, இரண்டு செம்பு ஊற்றினார். அடுத்தவர் ஒன்று. அடுத்தவர் ஒன்று. யாரும் யாரையும் கேட்கவில்லை. என் முறை வந்தபோது, ஊற்றுவது போலக் காட்டி அக்காவின் காலில் கொஞ்சம் தெளித்துவிட்டு மிச்சத்தை ஊற்றினேன். அவள் கத்திக்கொண்டே என் முதுகில் ஒன்று வைத்தாள். நல்ல அடி.

வாளி விளிம்புவரை வந்துவிட்டது. ஒரு பக்கம் அவளும் ஒரு பக்கம் நானுமாகத் தூக்கிக்கொண்டு படியேறினோம். தாள் நனைந்துவிடாமல் அதைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தாள். அதனால் வெள்ளவத்தை மேடத்துக்கு நாளைக்கு என்ன சொல்லப் போகிறாள் என்று நான் கேட்டபோது அவளால் பேச முடியவில்லை. கண்ணால் சிரித்தாள். கொஞ்சம் தண்ணீர் சிந்தியது.